‘அனுமதி கிடைத்தால் கிரயம்’: மைதானத்தை விற்று மைதானம் வாங்கும் முன்

கேள்வி: கீழக்கரை வட்டத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவில் உள்ள எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் செயலாளராக இருக்கிறேன். கழகம் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. சாலையை ஒட்டிய இரண்டரை ஏக்கர் மைதானம் கழகத்தின் பெயரிலேயே பட்டாவில் உள்ளது. ஒரு வணிக நிறுவனம் அந்த இடத்தில் பெரிய கடை கட்டுவதற்காக நல்ல விலைக்குக் கேட்கிறது. ‘தேவையான அனுமதிகள் கிடைத்த பிறகே கிரயம், அதுவரை விலையில் பத்தில் ஒரு பங்கு முன்பணம்’ என்கிறார்கள். அந்த முன்பணத்தை அப்படியே ஊருக்கு மேற்கே உள்ள நான்கு ஏக்கர் பனங்காட்டுக்கு அட்வான்ஸாகக் கொடுத்து, அங்கே புதிய மைதானம் அமைக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். ‘இரு தரப்பும் நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ள வேண்டும்’ என்ற வாசகம் வரைவில் இருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை என்று நிறுவனத்தார் கூறுகிறார்கள். கையெழுத்திடலாமா?

பதில்: இப்போதுள்ள வடிவில் கையெழுத்திடாதீர்கள். விலை குறைவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய வரைவில் விலையைப் பற்றி ஒரு பக்கம் முழுதும் எழுதியிருக்கிறார்கள், ஆனால் கிரயம் எதைச் சார்ந்து நிற்கிறதோ அந்த அனுமதியைப் பற்றி ஒன்றரை வரிதான் இருக்கிறது. நிபந்தனையோடு கூடிய ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனைதான் ஒப்பந்தம். விலை அதற்குப் பின்னால் வருவது. அனுமதிக்கு யார் விண்ணப்பிப்பது, கிடைத்த அனுமதி ஏற்கத்தக்கதா என்பதை யார் தீர்மானிப்பது, எந்தத் தேதிக்குள் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் பணமும் பத்திரமும் என்ன ஆகும் என்ற நான்குக்கும் உங்கள் வரைவில் விடை இல்லை.

இதே நிலையில் சிக்கிய ஒரு கழகத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1883-ஆம் ஆண்டு தொடங்கிய பிரிஸ்டல் ரோவர்ஸ் கழகம், தனக்குச் சொந்தமாக இருந்த ஈஸ்ட்வில் மைதானத்தை 1940-இல் நாய்ப் பந்தய நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டு, பல பத்தாண்டுகள் அங்கேயே வாடகைக்கு ஆடியது. 1986-இல் அதையும் விட்டு வெளியேறி, பக்கத்து நகரான பாத்தில் பத்தாண்டுகள் இரவல் மைதானத்தில் ஆடி, 1996-இல் ஹார்ஃபீல்ட் பகுதியிலுள்ள மெமோரியல் மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. அது சிறிய மைதானம் என்பதால், நகரின் எல்லையில் மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில் 21,700 பேர் அமரக்கூடிய அரங்கம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டார்கள். அதற்கான பணத்துக்கு, மெமோரியல் மைதானத்தைச் சேன்ஸ்பரிஸ் என்ற பேரங்காடி நிறுவனத்துக்கு ஏறத்தாழ 3 கோடி பவுண்டுக்கு விற்பதென 2011-இல் ஒப்பந்தம் செய்தார்கள். உங்களுடையதைப் போலவே அதுவும் நிபந்தனையோடு கூடிய ஒப்பந்தம். அங்காடி கட்டுவதற்கு, நிறுவனம் ஏற்கத்தக்க வடிவில் திட்ட அனுமதி கிடைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அனுமதி கிடைக்காமல் இல்லை. 2013 ஜனவரியில் நகர மன்றம் அங்காடிக்கு இசைவு தந்தது. ஆனால் சரக்கு வண்டிகள் வந்து போகும் நேரத்துக்கு அது ஒரு கட்டுப்பாட்டை வைத்தது. அதிகாலையிலும் இரவு நெடுநேரம் வரையிலும் சரக்கு இறக்கும் உரிமை நிறுவனத்துக்கு வேண்டியிருந்தது, கிடைத்த அனுமதியில் அது முழுமையாக இல்லை. ஒப்பந்தத்தின் வாசகப்படி அத்தகைய கட்டுப்பாடு ‘ஏற்கத்தகாத நிபந்தனை’ என்ற வரையறைக்குள் வந்தது. மேல்முறையீடு செய்யும் கடமை நிறுவனத்துக்கு இருந்தது. ஆனால் வெற்றி வாய்ப்பு 60 சதவீதமாவது உண்டு என்று திட்டமிடல் சட்ட வல்லுநர் கருத்துரைத்தால்தான் அந்தக் கடமை எழும் என்றும் எழுதியிருந்தது. இதற்கிடையில் பேரங்காடித் தொழிலின் போக்கும் மாறிவிட்டது. பெரிய கடைகளில் முன்பிருந்த ஆர்வம் நிறுவனங்களுக்கு இல்லை. கழகம் தன் பங்குக்கு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த முயன்றது. நிறுவனம் ஒத்துழைக்கவில்லை என்றும், நல்லெண்ணத்துடன் நடக்க வேண்டும் என்ற வாசகத்தை அது மீறிவிட்டது என்றும் கழகம் வாதிட்டது.

2015 ஜூலையில் உயர் நீதிமன்றமும், 2016 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தன. நல்லெண்ணம் என்ற சொல், ஒரு தரப்பு பேரம் பேசிப் பெற்றுக்கொண்ட உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் கட்டளை ஆகாது என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தில் எந்த அளவுக்கு முயல வேண்டும் என்று எழுதியிருந்ததோ அந்த அளவுக்கு முயன்றாயிற்று, அதற்கு மேல் கேட்க இடமில்லை. பல்கலைக்கழக நிலத்தில் வரவிருந்த அரங்கம் 2017-இல் கைவிடப்பட்டது. கழகம் இன்றும் மெமோரியல் மைதானத்தில்தான் ஆடுகிறது.

இதைப் படிக்கும் உங்கள் குழுவினர் ‘அது இங்கிலாந்துச் சட்டம்’ என்று சொல்லக்கூடும். நம் சட்டத்தைப் பார்ப்போம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, ஒரு நிகழ்வு நடந்தால் மட்டுமே நிறைவேற்ற வேண்டிய ஒப்பந்தங்களைப் பற்றிப் பிரிவு 31 முதல் 36 வரை பேசுகிறது. அந்த நிகழ்வு நடக்கும்வரை யாரும் யாரையும் நிறைவேற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது பிரிவு 32. குறித்த காலத்துக்குள் நடக்க வேண்டும் என்று எழுதியிருந்து, அந்தக் காலம் முடியும்போதும் நடக்காமல் இருந்தால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது பிரிவு 35. நடக்கவே இயலாத நிகழ்வைச் சார்ந்த ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்கிறது பிரிவு 36. உங்கள் வரைவில் காலமே குறிக்கப்படவில்லை. ஆகவே நிறுவனம் ‘விண்ணப்பம் நிலுவையில் உள்ளது’ என்று சொல்லிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் உங்கள் நிலத்தைக் கட்டிவைக்கலாம். நிலத்தின் விலை ஏறினால் கிரயம் கேட்பார்கள், இறங்கினால் அனுமதி வரவில்லை என்பார்கள். நல்ல மனிதர்களிடமும் இந்த வாய்ப்பை ஒப்படைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நம் உச்ச நீதிமன்றத்தின் ஒரு பழைய தீர்ப்பையும் சொல்ல வேண்டும். சந்தினி வித்யாவதி மேடன் எதிர் கட்டியால் என்ற வழக்கு அது. 1964-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. டெல்லியில் ஒரு சொத்தை விற்க ஒப்புக்கொண்டவர், இரண்டு மாதத்துக்குள் தலைமை ஆணையரின் இசைவைப் பெற்றுத் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் விண்ணப்பித்தார், பிறகு தாமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ‘இசைவு இல்லை, ஆகவே கிரயம் இல்லை’ என்று நின்றார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விண்ணப்பிக்கும் கடமை அவருடையது என்பதால், அவர் மீண்டும் விண்ணப்பித்து, இசைவு கிடைத்ததும் கிரயம் செய்து தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தானே தடுத்துவிட்டு, தடையைக் காரணமாகக் காட்ட எவருக்கும் உரிமை இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 53-க்கும் இதே உணர்வுதான். ஆனால் இந்த இரு வழக்குகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். டெல்லி வழக்கில் ஒருவரின் கடமை தெளிவாக எழுதப்பட்டிருந்தது, அவர் அதைச் செய்யவில்லை. பிரிஸ்டல் வழக்கில் கடமை எந்த இடத்தில் முடிகிறது என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது, நிறுவனம் அந்த இடத்தில் நின்றுகொண்டது. இரண்டிலும் வென்றது எழுத்துதான்.

ஆகவே ‘நல்லெண்ணம்’ என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே செயல்களை எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் பதிவான 30 நாளுக்குள் நிறுவனம் தன் செலவில் விண்ணப்பிக்க வேண்டும்; அலுவலகம் கேட்கும் விளக்கங்களுக்கு 15 நாளுக்குள் பதில் தர வேண்டும்; ஒவ்வொரு கடிதத்தின் நகலும் கழகத்துக்கு வர வேண்டும்; மறுப்பு வந்தால் சட்டம் அனுமதிக்கும் ஒரு மேல்முறையீடாவது செய்ய வேண்டும்; கட்டடத்தின் பரப்பு இத்தனை சதுர அடிக்குக் குறையாமல் அனுமதி கிடைத்துவிட்டால், மற்ற சில்லறைக் கட்டுப்பாடுகளைக் காட்டி விலகக் கூடாது. அனுமதி ‘ஏற்கத்தக்கதா’ என்பதில் கருத்து வேறுபாடு வந்தால், இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் முடிவு சொல்ல வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரு கெடு தேதி வேண்டும். பதினெட்டு மாதமோ இருபத்து நான்கு மாதமோ, அது உங்கள் பேச்சுவார்த்தையைப் பொறுத்தது.

உங்கள் இடத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்பது உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை நீள்கிறது. உங்கள் மைதானம் அதற்குள் இருக்கிறது. ஏற்கெனவே நன்கு கட்டடங்கள் எழுந்துவிட்ட நகரப் பகுதியாக உங்கள் ஊர் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தால் ஒரு விதி, கிராமப்புறக் கரையாகக் குறிக்கப்பட்டிருந்தால் மிகக் கடுமையான வேறொரு விதி. இரண்டாவது வகையில் பெரிய வணிகக் கட்டடத்துக்கு இடமே இராமல் போகலாம்; அப்படியானால் நீங்கள் கையெழுத்திடப்போவது பிரிவு 36-இல் போய் விழக்கூடிய ஒப்பந்தம். ஆகவே முதல் வேலையாக, உங்கள் புல எண் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் எந்த வகையில் வருகிறது என்று எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு பைசாவும் முன்பணமாக வாங்க வேண்டியதில்லை.

இந்த விதிகளில் கழகத்துக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது, பலர் அதை அறிவதில்லை. கிராமப்புறக் கரையில் கட்டடங்களுக்குத் தடையுள்ள பகுதியிலும் பூங்காவும் விளையாட்டுத் திடலும் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளாக 2011-ஆம் ஆண்டு அறிவிக்கையில் இடம்பெற்றிருந்தன. பந்தாடும் வெறும் திடல் வேறு, கேலரியும் உடைமாற்றும் அறையும் கட்டுவது வேறு. கடைக்காரருக்குப் பயன்படாத நிலம் திடலுக்குப் பயன்படலாம் என்பதால், புதிய இடம் தேடும்போது கடலோர நிலங்களை உடனே ஒதுக்கிவிடாதீர்கள்.

பனங்காட்டைப் பற்றியும் ஒரு சொல். முழு அளவுத் திடலுக்கு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் வேண்டும். அதாவது 7,140 சதுர மீட்டர், ஒன்றே முக்கால் ஏக்கர். சுற்றிலும் ஓடுவதற்கும் பார்வையாளர் நிற்பதற்கும் இடம் விட்டால் இரண்டரை ஏக்கர் ஆகும். நான்கு ஏக்கர் போதுமானது. ஆனால் அந்த இரண்டரை ஏக்கரில் நிற்கும் பனைகள் என்ன ஆகும்? பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்தது. பனை ஏறிப் பதநீர் இறக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் உள்ள நம் மாவட்டத்தில் அந்த அனுமதி எளிதில் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்; எளிதில் கிடைக்கவும் கூடாது என்பது என் எண்ணம். பனைகள் ஓரங்களில் மட்டும் நிற்கும் புலமாகப் பாருங்கள், அல்லது சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் தரிசைத் தேடுங்கள். அதை வெட்டுவதற்கு யாரும் வருந்தப்போவதில்லை.

இனி, என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்த பகுதிக்கு வருகிறேன். நிறுவனத்தின் முன்பணத்தைப் பனங்காட்டுக்காரரிடம் கொடுப்பதாகச் சொல்கிறீர்கள். முதல் ஒப்பந்தம் அனுமதியைச் சார்ந்து நிற்கிறது. இரண்டாவது ஒப்பந்தம், நீங்கள் விவரித்தபடி, எதையும் சார்ந்து நிற்கவில்லை. அனுமதி வராமல் முதல் ஒப்பந்தம் முறிந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 65-இன்படி நீங்கள் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அது மட்டுமன்று, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பிரிவு 55, உட்பிரிவு 6-இன்படி, முறையாகக் கொடுத்த முன்பணத்துக்காக வாங்குபவருக்கு அந்தச் சொத்தின் மேலேயே பொறுப்புரிமை, அதாவது பணம் திரும்பும்வரை சொத்தை அதற்கு ஈடாகப் பிடிக்கும் உரிமை, உண்டு. பணமோ பனங்காட்டுக்காரரிடம் இருக்கும். அவர் ‘கிரயத்துக்கு நான் தயார், நீங்கள்தான் வரவில்லை’ என்பார். ஒரே நாளில் கழகம் ஒரு பக்கம் கடனாளியாகவும், மறுபக்கம் ஒப்பந்தத்தை மீறியதாகவும் நிற்கும். மூன்று தலைமுறையாக ஊர் ஆடிய திடல் அந்தக் கடனுக்கு ஈடாகிவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. முன்பணத்தைக் கழகத்தின் பெயரில் தனி வைப்புக் கணக்கில் போட்டுவையுங்கள். அதில் ஒரு சிறு பகுதி, எந்தக் காரணத்தால் ஒப்பந்தம் முறிந்தாலும் திருப்பித் தரவேண்டாதது என்று நிறுவனத்திடம் பேசி எழுதி வாங்குங்கள். உங்கள் நிலத்தை இரண்டு ஆண்டு கட்டிவைப்பதற்கு அது நியாயமான விலை. அந்தச் சிறு பகுதியைக் கொண்டு மட்டும் பனங்காட்டுக்காரரிடம், ‘முதல் கிரயம் முடிந்தால் உங்கள் கிரயம், முடியாவிட்டால் இந்தத் தொகை உங்களுக்கு, நாம் பிரிந்துகொள்வோம்’ என்று நிபந்தனை ஒப்பந்தம் போடுங்கள். இரண்டாவது ஒப்பந்தத்தின் கெடு முதல் ஒப்பந்தத்தின் கெடுவுக்கு மூன்று மாதமாவது பின்னால் இருக்கட்டும்.

வரிசையும் முக்கியம். இங்கிலாந்தின் பிரைட்டன் கழகம் தன் கோல்ட்ஸ்டோன் மைதானத்தை 1995-இல் விற்றபோது புதிய இடம் எதுவும் உறுதியாகியிருக்கவில்லை. 1997-இல் அங்கே கடைசி ஆட்டம் ஆடிவிட்டு, இரண்டு பருவங்கள் நெடுந்தொலைவில் இன்னொரு கழகத்தின் மைதானத்திலும், பிறகு 2011 வரை ஊருக்குள் ஒரு தடகள அரங்கிலும் ஆடி, பதினான்கு ஆண்டுகள் கழித்தே சொந்த அரங்குக்குப் போனது. லிவர்பூல் நகரின் எவர்ட்டன் கழகத்துக்கும் இரண்டு இடமாற்றத் திட்டங்கள் முறிந்தன. 2003-இல் பணம் திரளாமல் ஒன்று, 2009-இல் அரசு அனுமதி மறுத்ததால் ஒன்று. ஆனால் அந்த இரண்டு முறையும் பழைய மைதானமான குடிசன் பார்க் அவர்கள் கையிலேயே இருந்ததால் ஓர் ஆட்டமும் நிற்கவில்லை. மூன்றாவது முயற்சியில் 2021 பிப்ரவரியில் திட்ட அனுமதி வந்தது, துறைமுக நிலத்தை அதே ஆண்டு ஜூலையில்தான் எடுத்துக்கொண்டார்கள், 2025-இல்தான் குடியேறினார்கள். நீங்களும் கிரயம் முடிந்த பிறகு பன்னிரண்டு மாதமாவது, அல்லது புதிய திடலில் ஆட முடியும் வரையாவது, பழைய மைதானத்தில் கட்டணமின்றி ஆடும் உரிமையைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள். மைதானம் இல்லாத கழகத்தில் பிள்ளைகள் இரண்டு பருவம் காத்திருக்க மாட்டார்கள், கலைந்துவிடுவார்கள்.

பதிவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றிதழில் ஏறிவிடும்; அது செத்த பிறகும் அங்கே கிடக்கும். கெடு முடிந்து ஒப்பந்தம் சட்டப்படி இல்லாமல் போனாலும், ரத்து ஆவணம் பதிவாகாதவரை வேறு யாரும் உங்கள் நிலத்தை வாங்கத் துணிய மாட்டார்கள். எனவே முன்பணம் திருப்பித் தரப்படுவது, நிறுவனத்தின் பிரதிநிதி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரத்து ஆவணத்தில் கையெழுத்திடும் அதே நாளில், அதே இடத்தில்தான் என்று எழுதுங்கள். அலுவலகங்களில் நான் கண்டவரை, கழகங்களும் ஊர்ப் பொதுச் சங்கங்களும் கோட்டைவிடும் இடம் இதுதான். நிர்வாகக் குழுவின் பெரும்பான்மை இதற்குப் போதாது என்பதையும் மறக்க வேண்டாம். துணைவிதிகளின்படி பொதுக்குழுவைக் கூட்டி, விலை, நிபந்தனை, கெடு ஆகிய மூன்றையும் தீர்மானத்தில் எழுதி நிறைவேற்றிய பிறகே கையெழுத்து.

கேள்வி: தேவிபட்டினத்துக்கு அருகில் எங்கள் ஊர். என் தந்தையார் 1988-இல் ஊர்க் கால்பந்துக் கழகத்துக்கு ஒரு ஏக்கர் எண்பது சென்ட் நிலத்தைப் பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் கொடுத்தார். ‘விளையாட்டு மைதானமாகவே பயன்படுத்தி வர வேண்டியது’ என்று அதில் எழுதியிருக்கிறது. இப்போது கழகத்தார் அதை விற்றுவிட்டு வேறிடம் போகப் பேசுகிறார்கள். தந்தையார் காலமாகிவிட்டார். நாங்கள் நிலத்தைத் திரும்பக் கேட்க முடியுமா ஐயா?

பதில்: அம்மா, பத்திரத்தின் அந்த வரிக்கு அடுத்த வரியைப் பாருங்கள். ‘மைதானமாகப் பயன்படுத்தாமல் போனால் இந்தத் தானம் ரத்தாகி, நிலம் எனக்கும் என் வாரிசுகளுக்கும் திரும்ப வேண்டியது’ என்ற பொருளில் ஏதாவது இருந்தால், உங்கள் நிலை வலுவானது. கொடுத்தவரின் விருப்பத்தைச் சாராத ஒரு நிகழ்வு நேர்ந்தால் தானம் முறியும் என்று இருவரும் ஒப்புக்கொள்ளலாம் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பிரிவு 126. அப்படிப்பட்ட நிபந்தனை மீறப்பட்ட நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுக்குள் சுவாதீனம் கேட்டு வழக்கிடலாம்.

அடுத்த வரி இல்லை என்றால், நீங்கள் குறிப்பிட்ட வாசகம் உங்கள் தந்தையாரின் விருப்பமாகவே கொள்ளப்பட வாய்ப்பு அதிகம்; மீறினால் என்ன என்று சொல்லாத நிபந்தனைக்கு நிலத்தைத் திருப்பிக் கொண்டுவரும் ஆற்றல் இல்லை. ‘ஒருபோதும் விற்கக் கூடாது’ என்று மட்டும் எழுதியிருந்தாலும், அந்த முழுத் தடையை அதே சட்டத்தின் பிரிவு 10 செல்லாததாக்கிவிடும். உங்கள் குடும்பம் இஸ்லாமியக் குடும்பமாக இருந்து, அது ஹிபாவாக (இஸ்லாமியச் சட்டப்படியான கொடையாக) கொடுக்கப்பட்டிருந்தால், கணக்கு வேறு: ஹிபாவில் கொடை நிலைக்கும், அதன் முழுமையைக் குறைக்கும் நிபந்தனை உதிர்ந்துவிடும் என்பது பொதுவான விதி. ஒருவேளை பள்ளிவாசலுக்கு வக்ஃபாக எழுதி, கழகம் அதைப் பயன்படுத்தி வந்திருக்குமானால் கழகத்தால் அதை விற்கவே முடியாது; வக்ஃப் சொத்தின் விற்பனை தொடக்கம் முதலே செல்லாது என்று 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது.

வழக்குக்கு முன் ஒன்று செய்து பாருங்கள். கழகத்தின் பொதுக்குழுவுக்கு எழுதி, நிலம் விற்ற தொகை முழுவதும் புதிய மைதானத்துக்கே செலவாக வேண்டும் என்றும், புதிய திடலுக்கு உங்கள் தந்தையாரின் பெயர் வைக்க வேண்டும் என்றும் தீர்மானம் கேளுங்கள். அவர் கொடுத்தது மண்ணை மட்டுமன்று, பிள்ளைகள் ஆடுவதற்கான இடத்தை. அந்த இடம் வேறு புல எண்ணில் தொடருமானால் அவருடைய எண்ணம் நிறைவேறியதாகவே நான் கருதுவேன். ஆனால் விற்ற பணம் வேறு எதற்கோ போகும் அறிகுறி தெரிந்தால், கிரயம் பதிவாவதற்கு முன்பே தடையாணை கேட்டு நீதிமன்றம் செல்லுங்கள்.

கேள்வி: தொண்டிப் பக்கம் எனக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மைதானம் அமைக்க ஒரு கால்பந்துக் கழகத்தார் ஆறு லட்சம் முன்பணம் தந்து ஒப்பந்தம் போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் கிரயம் முடிக்காவிட்டால் முன்பணம் எனக்கே என்று எழுதியிருக்கிறது. தங்கள் பழைய மைதானத்தை வாங்குபவருக்கு அனுமதி வரவில்லை என்று சொல்லி இப்போது பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். தர வேண்டுமா?

பதில்: அவர்களுடைய பழைய மைதானத்தின் விற்பனை உங்கள் ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. எழுதியிருந்தால், நிகழ்வு நடக்கவில்லை, ஒப்பந்தம் முடிந்தது, வாங்கியதைத் திருப்பித் தருவதே சட்டம். எழுதாமல் வாய்ச்சொல்லாக மட்டும் இருந்திருந்தால், தவறியவர்கள் அவர்கள்.

அப்போதும் ஆறு லட்சமும் தானாக உங்களுடையதாகிவிடாது. ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தக் கொடுத்த ‘அச்சாரம்’ வேறு, விலையின் ஒரு பகுதியாகக் கொடுத்த முன்பணம் வேறு. ஃபதேசந்த் எதிர் பால்கிஷன்தாஸ் என்ற 1963-ஆம் ஆண்டு வழக்கில், அச்சாரமாகக் கொடுத்த 1,000 ரூபாயை விற்பவர் வைத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதற்கு மேல் கொடுத்த 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்யும் வாசகத்தைத் தண்டத்தொகை என்று கொண்டு, நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கும் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74-இன்கீழ் வைத்துப் பார்த்தது. 2012-இல் சதீஷ் பத்ரா வழக்கிலும் இதே வேறுபாடு வலியுறுத்தப்பட்டது. உங்கள் பத்திரத்தில் ‘அச்சாரம்’ என்று இருக்கிறதா, ‘கிரயத் தொகையில் ஒரு பகுதி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஆறு மாதத்தில் வேறு யாரும் கேட்டு நீங்கள் மறுத்திருந்தால், தோப்பில் வேலை நிறுத்தி வைத்ததால் வருமானம் குறைந்திருந்தால், அவற்றைக் கணக்காக எழுதி வையுங்கள். நியாயமான இழப்பைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதாக எழுத்தில் தெரிவித்து, பணம் கொடுக்கும் அன்றே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து ஆவணத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் தோப்பின் வில்லங்கம் தெளிந்துவிடும், கழகத்தாரும் பிள்ளைகளுக்கு வேறு திடல் தேடக் கொஞ்சம் பணத்தோடு திரும்புவார்கள்.